நடக்காதே என்று சொன்ன வருடம்

நடக்க முடியாத பிள்ளைகளுக்காக வேலை பார்க்கிறவனுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது நாக்கு, கடைசியில்தான் தலைக்கனம். எனக்கு மூன்றும் ஒரே வருடத்தில் தேய்ந்தன.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அதற்கு முன் இருபது வருடம் விவசாயக் கூலிகளைத் திரட்டிப் போராடியவன் நான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. திருப்போரூர் பக்கம் வயல்களில் கல் நட்டு மனை பிரிக்க ஆரம்பித்தபோது, கூலி உயர்வு கேட்க வயலும் இல்லை, வயலில் ஆளும் இல்லை. என்னோடு உண்ணாவிரதம் இருந்தவர்களில் இரண்டு பேர் மனை புரோக்கர்கள் ஆனார்கள். எனக்கு அந்த வேலை வரவில்லை. அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, திருப்போரூரில் வாடகைக்கு ஒரு அறை எடுத்து, ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மனு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் 'மையம்' என்றார்கள். நான் கடைசிவரை 'சங்கம்' என்றே சொல்லிவந்தேன்.

அந்த வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு கேள்விதான்: பூங்கொடி என்கிற பெண் நடப்பாளா, மாட்டாளா? இதே வேலையில் மனுவும் கையுமாக அலைந்தவர்கள் இதைப் படித்தால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நீங்களும் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல்தான் இருப்பீர்கள்.

தெருமுனைப் பிரச்சாரம்

ஊர் ஊராகப் போய் ஊனமுற்ற பிள்ளைகளின் பெயரைப் பட்டியல் எடுப்பது எனக்குக் கொடுத்த முதல் வேலை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தெரு முக்கில் நின்று, மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில், "ஊனமுற்ற குழந்தைகளைப் பெற்றவர்களே, வெளியே வாருங்கள், உங்கள் உரிமையைக் கேளுங்கள்" என்று அழைத்தேன். திறந்திருந்த கதவுகளும் சாத்திக்கொண்டன. மூன்று ஊர் சுற்றி ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது. அவருக்கு வயது நாற்பது, டீக்கடை வைத்திருந்தார்.

மையத்தில் பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுத்தவர் மேரி டீச்சர். அச்சரப்பாக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். நாலாவது ஊருக்கு அவரும் வந்தார். குழாயடிக்குப் போய் ஒரு குடத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "இந்தப் பக்கம் இன்னும் தானா சோறு அள்ளிச் சாப்பிடாத புள்ள யாருக்காவது இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். ஐந்து நிமிடத்தில் ஆறு பெயர் வந்தது. குடம் நிறைந்த பெண்ணொருத்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "இன்னா அண்ணாத்த, காலீல கத்திகினு இருந்தது நீதானா? ஓட்டு கேக்க வந்துகீறனு நெனச்சி கதவ சாத்திட்டேன்."

குழி

அந்த ஆறு பெயரில் ஒன்று பூங்கொடி. சவுக்குத் தோப்புக்கு அந்தப்புறம், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் காலனி. அம்மா தனம், நாவலூரில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களில் கல் சுமக்கும் சித்தாள். அப்பா இல்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் பூங்கொடிக்கு இரண்டு காலும் விறைத்து, கத்திரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆறு வயது. பேச்சில் மட்டும் எந்தக் குறையும் கிடையாது.

நாங்கள் போனபோது வீட்டுக்குப் பக்கத்து மணலில் இடுப்பளவு குழி. அதற்குள் அவளை நிறுத்தி, சுற்றி மணலைத் தள்ளி இறுக்கியிருந்தார்கள். முன்னால் கிளிஞ்சல்களைப் பரப்பிக் கடை வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு குழந்தையை மண்ணில் புதைத்துவிட்டு வேலைக்குப் போகிறாளே என்று, மையத்துக் கேமராவில் ஒரு படம் எடுத்தேன். மேரி டீச்சரோ முழங்காலிட்டு உட்கார்ந்து, மணலுக்குள் கை விட்டுப் பிள்ளையின் முட்டியைத் தடவிப் பார்த்தார். அந்தக் கரையோரத்தில் நிற்கப் பிந்துகிற பிள்ளைகளுக்கு எல்லாத் தாய்மாரும் செய்கிற வைத்தியமாம் அது. எனக்குத் தெரியாது. தனம் வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து டீச்சர் சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா. இன்னும் நாலு விரக்கடை ஆழமா தோண்டு, முட்டி மடங்காம நிப்பா."

துண்டறிக்கை

எனக்கு அது போதவில்லை. அந்த வாரமே அச்சகத்துக்குப் போய், 'மண்ணில் புதைக்கப்படும் மழலைகள்: யார் பொறுப்பு?' என்று தலைப்புக் கொடுத்து, படத்தோடு துண்டறிக்கை போட்டேன். மேரி டீச்சரிடம் காட்டவில்லை. தனத்திடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. யாருக்காகப் போராடுகிறோமோ அவர்களைக் கேட்டுக்கொண்டு போராடுகிற வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. திருப்போரூர் பேருந்து நிலையத்தில் நானே நின்று கொடுத்தேன். நன்றாக எழுதப்பட்டிருந்தது என்று இன்றும் சொல்வேன். அதுதான் கொடுமை.

மூன்றாம் நாள் தனம் மையத்துக்கு வந்தாள். சிமெண்ட் படிந்த கையில் அந்தத் தாள். நாவலூர் கட்டடத்தில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினானாம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நானும் பதிலைத் தயார் செய்துகொண்டேன். அவள் தாளை என் மேசையில் வைத்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "நானு எம்புள்ளைய நிக்க வெச்சேன் அண்ணாத்த. பொதைச்சது நீதான்."

பதினோரு அடி

அதற்கப்புறமும் அவள் பிள்ளையை அனுப்பினாள் என்றால் அது மேரி டீச்சர் போய்ப் பேசியதால். வாரத்தில் மூன்று நாள் அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, அதில் பூங்கொடியை உட்காரவைத்து மிதிப்பேன். வழியெல்லாம் கேள்வி. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஜெயிலில் என்ன சோறு போட்டார்கள், நான் ஊர்வலத்தில் பிடித்த கொடியில் ஏன் ஒரே நிறம். தலைவரே என்றுதான் கூப்பிடுவாள். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. மாவட்டத்தில் அப்போது என்னை அப்படிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

மையத்தில் இரண்டு சவுக்குக் கழிகளை இணையாகக் கட்டி நடைபழகு கம்பி ஆக்கியிருந்தோம். எட்டு மாதம் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள் கழி முடிகிற இடத்தில் கையை விட்டாள். வாயால் எண்ணிக்கொண்டே பதினோரு அடி போய், பாயில் விழுந்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பாயில் கிடந்தபடியே பூங்கொடி கேட்டாள்: "இன்னா தலைவரே, கை தட்ட மாட்டியா? மீட்டிங்ல மட்டுந்தான் தட்டுவியா?"

ஒத்திகை

என் சைக்கிளுக்கு வயதாகிவிட்டது. பூங்கொடியும் வளர்ந்துகொண்டிருந்தாள். ஊனமுற்றோர் அடையாள அட்டை இருந்தால் அவளும் துணைக்கு ஒருவரும் பயிற்சிக்கு வந்துபோக பேருந்துச் சலுகை உண்டு. அட்டைக்கு டாக்டர் சதவீதம் எழுதவேண்டும். நாற்பதுக்குக் கீழே போனால் அட்டை கிடையாது. செங்கல்பட்டில் முகாம் என்று தகவல் வந்தது.

இங்கே என் பழைய வித்தை ஒன்றைச் சொல்லவேண்டும். வறட்சி நிவாரணம் கணக்கெடுக்க அதிகாரி வந்தால், பச்சை இருக்கிற வயல் பக்கம் ஜீப்பைப் போகவிடமாட்டேன். வெடித்துக் கிடக்கிற வயலாகப் பார்த்து அழைத்துப் போவேன். அந்தப் பகுதியில் நிவாரணம் வாங்கிய பல ஊர்கள் அப்படித்தான் வாங்கின. அதே மூளை முகாமுக்கு முந்தின நாளும் வேலை செய்தது. மேரி டீச்சர் ஊருக்குப் போயிருந்தார். நான் பூங்கொடியை உட்காரவைத்து, "நாளைக்கு டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்காதே. ஒரு அடிகூட வைக்காதே. நடந்துகாட்டினால் அட்டை தரமாட்டார்கள்" என்று சொன்னேன். அவளுக்கு வருத்தம். "நா பதினோரு அடி நடப்பேனே, அத்த டாக்டராண்ட காட்டக்கூடாதா?" என்றாள். கூடாது என்றேன். எப்படித் துவண்டு விழவேண்டும் என்று இரண்டு தடவை செய்தும் காட்டினேன். அவளுக்கு அது விளையாட்டாகப் பிடித்துப்போயிற்று.

பொய் சொல்லச் சொல்கிறாயே என்று தனம் முணுமுணுத்தாள். இது பொய்யல்ல, உத்தி என்று அவள் வாயை அடைத்தேன். மறுநாள் காலை செங்கல்பட்டு பேருந்தில் ஏறும்போது பூங்கொடி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். கூட்டத்தில் இடம்பிடிக்கிற அவசரத்தில் நான் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது இதுதான்: "அட்ட வந்தப்பறம் நடக்கலாமா, அப்பவும் கூடாதா?"

முகாம்

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நீளமான வரிசை. டாக்டர் சின்ன வயசு, நெற்றியெல்லாம் வியர்வை. பூங்கொடியை மேசைமேல் படுக்கவைத்துக் காலை நீட்டினார், மடக்கினார், முட்டியில் தட்டினார், டேப் வைத்து அளந்தார். அப்புறம் கீழே இறக்கிவிட்டு, "எங்க, கொஞ்சம் நடந்து காட்டு கண்ணு" என்றார். பூங்கொடி என்னைப் பார்த்தாள். பிறகு ஒத்திகையில் செய்ததைவிட நன்றாகத் துவண்டு, ஈரத்துணி மாதிரி கீழே விழுந்தாள். எனக்குள் ஒரு பெருமிதம் வந்தது. மறைக்கவில்லை, வந்தது.

டாக்டர் எழுதினார். நாற்பதுக்கு வெகு மேலே. கையெழுத்துப் போடும்போது நான் கொஞ்சம் குரலை உயர்த்தி, இது எங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்கிற தோரணையில் நன்றி சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தாளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பத்தடி நடந்திருந்தாலும் இதே சதவீதம்தான் சார். கால் விறைப்பப் பாத்துதான் போடுறோம். நடக்கச் சொன்னது, பயிற்சி எவ்ளோ தூரம் கைகொடுத்திருக்குன்னு தெரிஞ்சிக்கத்தான்."

கண்டக்டர்

வீணாகப் போன தந்திரம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அட்டை கையில் வந்தது. தனத்தின் தங்கை துணைக்கு வர, பூங்கொடி முதல்முறையாகப் பேருந்தில் மையத்துக்கு வந்தாள். அந்தப் பேருந்தின் கண்டக்டர் கலகலப்பான ஆள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பிள்ளையைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, அட்ட வெச்சிகினு ஓடி கீடி வெளயாட்றத செக்கிங்கு பாத்தான்னா அட்டைய புடுங்கிகினு பூடுவான், ஜாக்கிரத" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதற்கு அரசாங்க உடுப்பு போட்ட ஆள் ஒருவர் சாட்சி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் நடக்கவில்லை. கழியைப் பிடிக்க மறுத்தாள். கால் வலி என்றாள், ஜுரம் என்றாள். பேனா வைத்த யார் அறைக்குள் வந்தாலும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் குழியில் நிற்கவும் மாட்டேன் என்றாள். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. டீச்சர் காரணம் தெரியாமல் தவித்தார். எனக்குக் காரணம் தெரியும், வாயைத் திறக்கவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். தலைவர்கள் தப்புச் செய்தால் அப்படித்தான் இருப்பார்கள். மூன்றாவது மாதம் பிள்ளையே டீச்சரிடம் சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வறட்சி நிவாரணம், காய்ந்த வயல் என்று என் நியாயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, வயலு அடுத்த மழைக்குப் பச்சையாயிடும். முட்டி ஆகாது. மடங்கினா மடங்கினதுதான்."

சீல்

மறுநாள் காலனிக்குப் போனேன். கலெக்டரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, நீதிமன்றத்திலும் கேட்டதில்லை. மணலில் உட்கார்ந்து ஏழு வயதுப் பெண்ணிடம், நான் சொன்னது பொய், நீ நடந்தாலும் அட்டையைப் பிடுங்கமாட்டார்கள் என்றேன். அவள் கிளிஞ்சல்களை அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள், "அன்னிக்கு பொய் சொன்னியா, இன்னிக்கு பொய் சொல்றியா?" அவளே வழியும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொடுக்கட்டும். சீல் இருக்கவேண்டும். அட்டையில் இருக்கிற மாதிரி வட்டமாக, ஊதாவாக.

செங்கல்பட்டுக்குப் போய் அந்த டாக்டரைத் தேடிப் பிடித்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் தேவலை. ஒரு சீட்டை எடுத்து, 'பூங்கொடி நடக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். அட்டை அவளுடையது' என்று தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். இருபது வருடம் அதிகாரிகளிடம் நான் வாங்கிய காகிதங்களில் அத்தனை தெளிவான உத்தரவு வேறில்லை.

பூங்கொடிக்கு அதைப் படிக்க வராது. டீச்சர் படித்துக் காட்டினார். அவள் முத்திரையின் வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கழியைப் பிடித்து எழுந்தாள். கழி முடிகிற இடத்தில் கையை விட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. முட்டி நிமிர மறுத்து, உட்காருவதுபோல மடங்கி விழுந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி நாலு. சாயங்காலம்வரை முயன்றாள். டீச்சர் அவள் முட்டியைப் பிடித்து நீட்டிப் பார்த்து, தடவிக்கொண்டே இருந்தார். பூங்கொடி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்: "மீதி ஏழு எங்க பூட்ச்சி?"

புதுப்பித்தல்

அந்த ஏழு திரும்பி வரவில்லை. டீச்சர் வருடக்கணக்கில் பாடுபட்டார். முட்டி நிமிரப் பட்டை கட்டினார், தனத்துக்கு எண்ணெய் நீவக் கற்றுக்கொடுத்தார். அந்த நாலு அடி சில வருடம் கட்டிலிலிருந்து வாசல்வரை போக உதவியது. உடம்பு நீளமானதும் அதுவும் நின்று, சக்கர நாற்காலி வந்தது. வளர்ந்தால் எப்படியும் இப்படி ஆகியிருக்கலாம் அண்ணே, உறுதியாச் சொல்ல முடியாது என்று டீச்சர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அது அவருடைய நல்ல மனசு. நான் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

போன மாதம் அட்டையைப் புதுப்பிக்க முகாமுக்குப் போனோம். பூங்கொடி இப்போது பத்தாவது படிக்கிறாள். சாலை நான்கு வழி ஆகிவிட்டது. நாவலூரில் அவள் அம்மா கல் சுமந்த கட்டடங்களில் கம்ப்யூட்டர்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தனத்துக்கு முதுகு போய்விட்டதால் நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போனேன். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. உள்ளே வேறு டாக்டர். பூங்கொடி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்ததா, கிண்டலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சத்தமில்லாமல் சொன்னாள்: "இந்த தபா இன்னா சொல்லணும், முன்னாடியே சொல்லிடு தலைவரே."

எத்தனையோ ஊர்வலங்களில் நான் நடங்கள் நடங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியும் பாதிப்பேர் அடுத்த முக்கிலேயே கலைந்து போயிருக்கிறார்கள். நடக்காதே என்று வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சொன்னேன், அதை எழுத்துக்கு எழுத்து கேட்கிற ஒரு தொண்டர் அன்றைக்குப் பார்த்துத்தான் எனக்குக் கிடைத்தாள்.